கண்டக்டர் வாங்கிய பேட்ஜ்

இறால் பெட்டியை எங்கே வைப்பது என்பதுதான் முதலில் வந்த சிக்கல்.

புதுக்கோட்டையில் ஒரு தனியார் கல்லூரி நடத்தும் சின்ன அருங்காட்சியகம் அது. செருப்பைக் கழற்றச் சொல்லி வாசலில் ஒரு பலகை. பையை மேசையில் வைக்கச் சொல்லி உள்ளே இன்னொரு பலகை. தெர்மாகோல் பெட்டியைப் பற்றி எந்தப் பலகையும் எதுவும் சொல்லவில்லை. கட்டுமாவடியிலிருந்து பஸ் மாறி, மடியில் வைத்தே கொண்டுவந்த பெட்டி. ஐஸ் கரைந்து ஒரு மூலையில் சொட்டிக்கொண்டிருந்தது.

“உள்ள என்னங்க?” என்று கேட்டாள் அங்கே காப்பாளராக இருக்கும் சுடர்விழி.

“எறாலு. விடியக்காலைல ஏலத்துல எடுத்தது. கண்டக்டருக்கு,” என்றாள் செபமாலை.

“இங்க கண்டக்டர் யாரும் இல்லையேம்மா.”

“நீ சும்மா இரும்மா, நான் சொல்றேன்,” என்று மகள் பிளெஸ்ஸி இடையில் புகுந்தாள்.

சொல்வதற்கு நிறைய இருந்தது. பிளெஸ்ஸி அறந்தாங்கியில் ஒரு ஸ்கேன் சென்டரில் வேலை பார்க்கிறாள். போன வாரம் போனில் வந்த மாவட்டச் செய்தி ஒன்றை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினாள். ஆவுடையப்பன் என்ற ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர், வேலையில் இருந்த காலமெல்லாம் பயணிகளிடம் கேட்டுக் கேட்டு வாங்கிச் சேர்த்த பேட்ஜுகளை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்திருக்கிறார் என்பது செய்தி. கூடவே அவர் படமும் இருந்தது. மீன் அரிந்துகொண்டிருந்த செபமாலை ஈரக்கையோடு எழுந்து வந்தாள்.

“இங்கிட்டு காட்டு. இந்த மூக்கு... இவருதாண்டி! ஒன் கவுன்ல குத்தியிருந்த அப்பா பேட்ஜை வாங்கிட்டுப் போனவரு.”

பிளெஸ்ஸிக்கு அப்போது இரண்டு வயது. அவள் அப்பா அருள்தாஸ் ஒருநாள் பிடித்துவந்த பெரிய மீன் குவியலைப் பார்த்து, அலைமகள் வலைக் கம்பெனியின் ஏஜென்ட் ஒருவர் அவரைப் படம் எடுத்து, அந்த முகத்தையே வட்டமான பேட்ஜாக அடித்துக் கடைகடையாகக் கொடுத்தார். வீட்டுக்கும் ஒரு கை நிறையக் கொடுத்தார். அதில் ஒன்றைத்தான் அறந்தாங்கி ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் கண்டக்டர் கேட்டார். வீட்டில் இன்னும் கிடக்கிறது, சுவரில் பெரிய படமும் இருக்கிறது என்று செபமாலை கழற்றிக் கொடுத்தாள். மிச்சத்தைத் தெருப் பிள்ளைகள் விளையாடித் தொலைத்தார்கள். மறுவருஷம் அருள்தாஸ் கடலில் போய்விட்டார். உடல் கரைக்கு வரவில்லை.

கஜா புயல் வரப்போகிறது என்றதும், சாரல் படக் கூடாதே என்று செபமாலை சுவரில் இருந்த படத்தையும் கல்யாண ஆல்பத்தையும் புருஷனின் வாக்காளர் அட்டையையும் ஒரே டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டினாள். ஓடு போனது, சுவர் போனது, பெட்டியும் போனது. சாவி மட்டும் அவள் இடுப்பில் இருந்தது.

அவர்கள் ஊரில் கல்லறைத் திருநாளன்று, கடலில் போனவர்களின் வீட்டார் கரையில் படத்தை வைத்து மெழுகுவத்தி ஏற்றுவார்கள். பாதிரியார் வந்து ஒவ்வொரு படத்தின் முன்னும் நின்று தீர்த்தம் தெளிப்பார். புயலுக்குப் பிறகு செபமாலை வெறும் மணலில் மெழுகுவத்தி வைத்தாள். பக்கத்து வீட்டுப் படத்துக்கு உரிய வத்தி என்று நினைத்து, பாதிரியார் ஒரு வருஷம் அதைக் கடந்து போய்விட்டார். அதிலிருந்து அவள் கரைக்குப் போவதில்லை. “யாருக்குன்னே தெரியாத வத்திய எதுக்கு ஏத்தணும்?” என்றாள்.

பிளெஸ்ஸியின் கவலை வேறு. அதை அவள் அம்மாவிடம் சொன்னதில்லை. சின்ன வயதிலிருந்து சுவரில் இருந்த அப்பா படத்துக்குக் கீழே நின்றுதான் தலை சீவினாள். இப்போது கண்ணை மூடினால் படத்தின் சட்டம் வருகிறது, பிளாஸ்டிக் மாலை வருகிறது. நடுவில் முகம் வரமாட்டேன் என்கிறது.

இந்த முறை கல்லறைத் திருநாளுக்குச் சில நாட்களே இருந்தன.

எல்லாவற்றையும் கேட்ட சுடர்விழி, பெட்டிக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் தட்டை வைத்து மேசைக்கு அடியில் தள்ளினாள். “வாங்க, தேடுவோம்,” என்றாள்.

கண்ணாடிப் பெட்டிகளில் கறுப்பு வெல்வெட் துணி விரித்து, பேட்ஜுகளை வரிசையாகக் குத்தியிருந்தார்கள். நுழைந்ததும் சினிமா. ரசிகர் மன்றத்துப் பிள்ளைகள் முதல் நாள் காட்சிக்குக் குத்திக்கொண்டு போனவை. கைகூப்பியவர்கள், குதிரைமேல் இருப்பவர்கள், கூலிங்கிளாஸ் போட்ட ஒருவர். இது எந்த நடிகர் என்று பிளெஸ்ஸி ஒரு கணம் யோசித்துவிட்டு நகர்ந்தாள். அடுத்தது கட்சி மாநாடு. பிறகு எழுத்தறிவு இயக்கத் தொண்டர்கள் அணிந்தது, போலியோ சொட்டு மருந்து முகாமில் கொடுத்தது, சர்ச் வெள்ளிவிழா, சித்தன்னவாசலுக்குச் சுற்றுலா வந்த ஏதோ பள்ளிக்கூடத்தின் மாணவர் தலைவன். கடைசியில் கம்பெனிகள். உரம், பம்புசெட், சோப்பு, டயர், தேயிலை. வலைக் கம்பெனி ஒன்றும் இருந்தது. அதில் மீன் மட்டும் இருந்தது, ஆள் இல்லை.

பிளெஸ்ஸி அந்தப் பெட்டியை மேலிருந்து கீழாக இரண்டு தடவை பார்த்தாள். சுடர்விழி இழுப்பறைகளையும் திறந்து காட்டினாள். காட்சிக்கு வைக்க முடியாத அளவு துருப்பிடித்தவை அங்கே பஞ்சில் கிடந்தன. அவற்றில் முகமே இல்லை.

“எப்படி இருக்கும்னு சொல்லுங்கம்மா.”

“வட்டமா இருக்கும். சுத்தி பச்சை. நடுவுல அவரு மூஞ்சி.”

சுடர்விழி கண்டக்டருக்குப் போன் செய்தாள். ஆவுடையப்பன் பக்கத்தில்தான் இருந்தார். நெற்றியில் திருநீறும் கையில் ஹெல்மெட்டுமாக வந்து சேர்ந்தார். செபமாலை கும்பிட்டாள்.

“என்னையத் தெரியுதாங்க? கட்டுமாவடி பஸ்ஸுல, இந்தப் புள்ள கவுன்லேருந்து ஒரு பேட்ஜு வாங்குனீங்க. அதுக்குப் பதிலா விசில் ஊதக் குடுத்தீங்க.”

ஆவுடையப்பன் பொய் சொல்லவில்லை. “எல்லாப் புள்ளைகளுக்கும் அப்படித்தாம்மா குடுப்பேன். விசில ஊதுனா புள்ள பேட்ஜ மறந்துரும், அழுவாது. டிரைவருதான் பாவம், சத்தம் கேட்டப்பெல்லாம் பிரேக்கு போட்டுட்டு என்னைய வைவாரு. ஒங்க முகம் ஞாபகம் இல்லையே தாயி.”

“கடற்கரைப் பக்கம் வாங்குனது எங்கிட்டு இருக்கும்?”

“வாங்குனதெல்லாம் ஒரே பிஸ்கட் டின்னுலதான் போட்டேன். பிரிச்சது இவுங்கதான்.”

“மாணவர்கள் உட்கார்ந்து பிரிச்சாங்க சார். எழுத்து அழிஞ்சதையெல்லாம் படத்தைப் பார்த்துப் பிரிச்சோம்,” என்றாள் சுடர்விழி. அதைச் சொல்லும்போதே அவள் குரல் கொஞ்சம் இறங்கியது.

செபமாலைக்கு முழங்கால் வலித்தது. வாசல் பக்கம் கிடந்த பெஞ்சுக்குத் திரும்பிப் போய் உட்கார்ந்தாள். பிளெஸ்ஸி அவள் பக்கத்தில் உட்காரவில்லை. அம்மா முகத்தைப் பார்க்காமல் இருக்க வேண்டும் என்று கம்பெனிப் பெட்டியையே மூன்றாவது தடவையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னால் அம்மா சிரிக்கும் சத்தம் கேட்டது. முதலில் அழுகை என்றுதான் நினைத்தாள்.

“அடி பாவி மனுசா! இங்கன வந்து உக்காந்திருக்கியா!”

செபமாலையின் விரல், நுழையும்போது அவள் பார்க்காமலே தாண்டிப்போன சினிமாப் பெட்டியின் கண்ணாடியில் குத்திக்கொண்டிருந்தது. கூலிங்கிளாஸ் போட்டவர். ஓரத்துப் பச்சை துருவேறிக் காப்பிக்கொட்டை நிறத்துக்கு வந்திருந்தது. எழுத்து ஒன்றும் மிஞ்சவில்லை. கீழே அச்சடித்த சீட்டு: ‘திரைப்பட நடிகர். பெயர் தெரியவில்லை.’

பிளெஸ்ஸி ஓடிவந்து நின்றாள். கொஞ்ச நேரம் முன்னால் இதே இடத்தில், இதே முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் போனாள்.

“கண்ணாடி போட்டிருந்தாருன்னு நீ சொல்லவே இல்லையேம்மா.”

“எனக்கே இப்பத்தான் ஞாபகம் வருது. வெயில்ல கண்ணச் சுருக்குறாருன்னு ஏஜென்டு தன்னோட கண்ணாடியக் குடுத்தாரு. படம் எடுத்து முடிச்சும் கழட்ட மாட்டேன்னுட்டாரு ஒங்கப்பா. சாயங்காலம் வரைக்கும் போட்டுக்கிட்டே வலை பின்னுனாரு. இந்தா பாரு காது, தூண்டி முள்ளு கிழிச்ச காது. எந்த நடிகருக்குடி காது இப்படி இருக்கு?”

இடது காதின் நுனியில் ஒரு சின்ன வெட்டு தெரிந்தது. அதைப் பார்த்ததும் பிளெஸ்ஸிக்குச் சுவரில் இருந்த படத்தின் காது ஞாபகத்துக்கு வந்தது. காதை ஒட்டி, எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலைமுடி வந்தது. பிறகு தாடை. பிறகு, கண்ணாடி மறைத்த இடத்தில், எதையோ கேட்க வருவதுபோல் லேசாக உயர்ந்த புருவம். அவள் கண்ணாடிப் பெட்டியைப் பிடித்துக்கொண்டாள்.

சுடர்விழி கையுறை போட்டு, பேட்ஜைத் துணியிலிருந்து மெதுவாகக் கழற்றினாள். விதிப்படி யார் கையிலும் கொடுக்கக் கூடாது. ஒரு வெள்ளைத் துணியை விரித்து, செபமாலையின் உள்ளங்கையில் துணியோடு வைத்தாள்.

“கொண்டுபோக விடமாட்டாங்கம்மா. ஆனா நான் நல்லாப் படம் எடுத்து, எவ்வளவு பெரிசு வேணுமோ அவ்வளவு பெரிசாப் போட்டுத் தர்றேன்.”

“வேணாம் தாயி, இது இங்கனயே இருக்கட்டும். என்கிட்ட இருந்தா நான் பெட்டியில வச்சுப் பூட்டிப்புடுவேன்,” என்றாள் செபமாலை. அப்புறம் ஆவுடையப்பன் பக்கம் திரும்பினாள். மேசைக்கு அடியில் குனிந்து தெர்மாகோல் பெட்டியை இழுத்து அவர் காலடியில் வைத்தாள்.

“என்னம்மா இது?”

“எறாலுங்க. நல்ல எறாலு.”

ஆவுடையப்பன் ஓர் அடி பின்னால் போனார். “நான் கவுச்சி தொடமாட்டேனேம்மா.”

செபமாலையின் முகம் வாடிப்போனது. அதைப் பார்த்த கண்டக்டர் ஹெல்மெட்டை இந்தக் கைக்கும் அந்தக் கைக்குமாக மாற்றினார்.

“இருங்க இருங்க. எங்க மருமக சாப்பிடும். எனக்குப் பயந்துகிட்டு அவுங்க ஆத்தா வீட்டுல போய்த் தின்னுட்டு வருது. பாவம், வாயில பாக்கப் போட்டுக்கிட்டு வந்து நிக்கும். எனக்குத் தெரியாதாம்! குடுங்க, இன்னைக்கு நானே கொண்டு போறேன். பொறத்தால அடுப்பு வச்சு ஆக்கிக்கிரட்டும்.”

“சுத்தம் பண்ணித்தான் கொண்டாந்திருக்கேன்.”

“அப்புறம் என்ன? நீங்க பேட்ஜு குடுத்தீங்க, நான் விசில் குடுத்தேன். இப்ப எறாலுக்கு நான் என்னத்தக் குடுக்குறது?”

“நீங்க அன்னைக்குக் கேட்டீங்கல்ல,” என்றாள் செபமாலை. “அது போதுங்க.”

சுடர்விழி பழைய சீட்டை எடுத்துவிட்டுப் பேனாவோடு நின்றாள். என்ன எழுத வேண்டும் என்று கேட்டாள். பிளெஸ்ஸி அம்மாவைப் பார்த்தாள்.

“அருள்தாஸ். மீன்காரரு, நடிகரு இல்ல. அம்புட்டுப் போதும்.”

கல்லறைத் திருநாளன்று மாலையில் மழை விட்டிருந்தது. மணல் நனைந்து இறுகிக் கிடந்தது. பெரிதாக்கி வந்த படத்துக்குப் பிளெஸ்ஸி பாலித்தீன் உறை போட்டு, செங்கல்லில் சாய்த்து வைத்தாள். பக்கத்தில் வத்தி ஏற்றிய பெண்கள் எட்டிப் பார்த்தார்கள்.

“யாருடி இந்த ஹீரோ?”

“எங்கப்பா, அத்தை.”

“அருள்தாஸ் அண்ணனா! செபமாலை, இந்த மாப்பிளைய எங்க மறச்சு வச்சிருந்த?”

“புதுக்கோட்டையில, நடிகருங்களோட,” என்றாள் செபமாலை.

பாதிரியார் வரிசையாக வந்துகொண்டிருந்தார். அவர் ஊருக்குப் புதியவர். ஒவ்வொரு படத்தின் முன்னும் நின்று, பெயர் கேட்டு, தீர்த்தம் தெளித்துவிட்டு நகர்ந்தார். செபமாலை வத்திச் சுடரைக் கையால் மறைத்துக்கொண்டு காத்திருந்தாள். அவர் கால்கள் அவள் முன்னால் வந்து நின்றன. குனிந்து படத்தைப் பார்த்தார்.

“இவர் யாரும்மா?”

“எங்க வீட்டுக்காரரு சாமி. அருள்தாஸ்.” கொஞ்சம் நிறுத்தி, அவர் தப்பாக நினைத்துவிடக் கூடாது என்பதுபோலச் சேர்த்துச் சொன்னாள். “கண்ணாடி ஏஜென்டோடது.”

பாதிரியார் சிரிக்காமல் தலையசைத்தார். பெயரைச் சொல்லித் தீர்த்தம் தெளித்தார். பாலித்தீன் மேல் சில துளிகள் நின்றன. செபமாலை அவற்றைத் துடைக்கவில்லை.