மதிலுக்கு வெளியே, இருவருக்கான இடம்

1

இந்தக் கதை ஈஸ்ட் ஹாம் கடையொன்றில் மரவள்ளிக்கிழங்கு பொறுக்கும்போது எனக்குக் கிடைத்தது. பக்கத்தில் நின்ற பிலோமினா அக்கா, “பிரான்ஸில இருந்து போன் வந்தது தம்பி. வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லாட்டி இவரைக் கிளப்பிப் போடுவினமாம்” என்றார்.

இவர் என்பது அவருடைய கணவர் சவிரிமுத்து. இறந்து முப்பது வருடமாகிறது.

2

நான் எழுதிப் பார்த்த முதல் தொடக்கம்: ‘பிரான்ஸின் வடக்கே, ஆறு வளைந்தோடும் மேட்டில், நட்சத்திர வடிவ மதிலுக்குள் ஒரு சிற்றூர்…’

(சுற்றுலாக் கையேடு மாதிரி இருக்கிறது. விடுவோம். நான் அங்கே போனதேயில்லை.)

இரண்டாவது: பகைவர் வருவார் என்று ஓர் அரசன் கட்டிய மதில். பகைவர் வேறு வழியால் போய்விட்டார்கள். ஊர் உள்ளேயே ஒடுங்கிக் கிடந்தது. நூற்றாண்டுகள் கழித்து அதன் வாசலால் வந்தவர்கள், உணவகத்தில் கோப்பை கழுவ வந்த ஒரு யாழ்ப்பாணத்தாரும் மனைவியும்தான். அகழியில் அப்போது செம்மறியாடுகள் மேய்ந்தன.

கதையில் சவிரிமுத்துவை மதிலுக்குள், தேவாலய நிழலில் அடக்கம் செய்தேன். வெளியே விட மனம் கேட்கவில்லை. வாசித்துக் காட்டியதும் அக்கா சிரித்தேவிட்டார்.

“உள்ளுக்க எங்க தம்பி இடம்? சேமக்காலை மதிலுக்கு வெளிய. பீரங்கி பாக்கிற பக்கம்.”

3

பீரங்கிக்கு மறைப்பு வரக்கூடாதென்று வெளியே வீடு கட்ட அந்தக் காலத்தில் விடவில்லையாம். வெறுமையாய்க் கிடந்த அந்த நிலத்துக்குத்தான் பிறகு பிணங்கள் போயின, அதுவே சேமக்காலையாயிற்று.*

*கணவரைப் புதைத்த குழியை அக்கா ‘காணி’ என்றே சொல்லுவார். தனக்கும் சேர்த்து வாங்கிய, இருவருக்கான குழி. காணி வாங்கினால் பேரப்பிள்ளை வரைக்கும் நமது என்றுதானே எங்கள் ஆட்கள் நினைப்பார்கள்? அங்கே சவக்குழியும் முப்பது வருடத் தவணைக்குத்தான். தவணை முடிந்து புதுப்பிக்காவிட்டால் எலும்பு பொதுக்குழிக்குப் போகும்.

4

கணவர் இறந்தபின் அக்கா குடிவந்த செவன் கிங்ஸ் வீட்டுக்கு மகன் லக்‌ஷன் வந்திருந்தான்.

“அம்மா, அங்க இனி எங்களுக்கு ஆர் இருக்கினம்?”

“அப்பா இருக்கிறார்.”

“நீங்களும் அங்க போய்ப் படுத்தா ஆர் வந்து மெழுகுதிரி கொளுத்துறது? எனக்குப் பக்கத்தில இருங்கோவன். அப்பாவையும் இங்க கொண்டுவருவம்.”

“அந்தாள் இந்த ஊரைப் பாத்ததே இல்லை. இன்னொருக்கா அகதியாக்கச் சொல்லுறியோ?”

(இங்கே அக்காவை அழவைத்தேன். பிறகு அழித்துவிட்டேன். அவர் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார்.)

லக்‌ஷன் தன் வீட்டுக்குப் போய்விட்டான். ஒருவருக்கு ஒரு கிழங்கு போதும். அக்கா இரண்டு அவித்தார். எனக்கு அதைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது.

5

ஒரு முடிவு: குழியைப் புதுப்பிக்க ‘ஓம்’ என்கிறார். ஒருநாள் அவரும் அந்த மதிலுக்கு வெளியே. லக்‌ஷன் வருடாவருடம் ரயிலேறுகிறான், பிறகு எப்போதாவது, பிறகு…

மற்றது: ‘வேண்டாம்’ என்கிறார். பிள்ளைக்குப் பக்கத்தில் படுக்கிறார். அங்கே சவிரிமுத்து, பெயரில்லாதவர்களோடு…

இரண்டிலும் யாரோ ஒருவர் தனித்துப்போகிறார். என்னால் முடியவில்லை.

வெள்ளி காலை. அக்கா பிரான்ஸ் போன் எண்ணை அழுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

“தம்பி, உங்கட கதையில நான் என்ன சொல்லுறன்?”

வாசிக்கிற நீங்களாவது ஒரு பதில் எடுத்துக்கொடுங்கள், சீக்கிரம். அந்தப் பக்கம் போனை எடுத்துவிட்டார்கள். அக்கா வாயைத் திறந்து