நகம் பதியாத தடம்

தம் வீட்டுக்கு எதிர் மனையில் பெரியவர் மகனுக்காகக் கட்டிக்கொண்டிருந்த வீட்டின் மணலில் அந்தத் தடங்களை முதலில் பார்த்தவர் மேஸ்திரி. பார்த்ததோடு விட்டிருக்கலாம். ஆளனுப்பிப் பெரியவரைக் கூப்பிட்டார். வனத்துறையில் ரேஞ்சராக இருந்து ஓய்வு பெற்றவர் பெரியவர். அவருடைய அப்பாவும் அதே உத்தியோகம்தான். அந்த வீட்டுச் சொல்லுக்குத் தெருவில் மறுபேச்சு கிடையாது.

பெரியவர் குனிந்து பார்த்தார். அகலமான பாதம், நான்கு விரல், நகத்தின் சுவடே இல்லை. நாய் என்றால் நகம் பதிந்திருக்கும். பூனை இனம்தான் நகத்தை உள்ளிழுத்துக்கொண்டு நடக்கும்.

"சிறுத்தை" என்றார். "பாதத்து மயிர்கூடக் கோடு கோடா விழுந்திருக்கு, பாருங்க."

அவ்வளவுதான். கம்பி கட்டுபவர் முதல் சித்தாள் வரை போட்டது போட்டபடி நடையைக் கட்டினார்கள்.

மறுநாள் தளம் போட வேண்டும். கலவை மெஷின் வந்து நின்றது. வானமும் கறுத்துக்கொண்டு நின்றது. ஆட்கள் தெருவோடு நின்றுவிட்டார்கள்.

"பகல்ல வராதுய்யா!" என்று பெரியவர் கத்தினார்.

"அதை அதுகிட்டயும் சொல்லிட்டீங்களா?" என்றார் மேஸ்திரி. "சிறுத்தைன்னு சொன்னது நீங்கதானே? கூண்டு வைங்க, வர்றோம்."

பற்றிக்கொண்டு வந்தது பெரியவருக்கு. விறுவிறுவென்று வீட்டுக்குள் வந்தால் கூடமெல்லாம் மணல்.

"இது வீடா, மணல் கொட்டகையா?"

மருமகளின் நாய் வாலை ஆட்டிக்கொண்டு வந்தது. நான்கு காலிலும் கம்பளி சாக்ஸ். வைத்த அடியெல்லாம் மணல் உதிர்ந்தது.

"என்னம்மா இந்தக் கண்றாவி?"

"நீங்கதானே மாமா, தரையில நகம் கீறினா வர்றவங்க முன்னாடி மானம் போகுதுன்னு சத்தம் போட்டீங்க? அதான் மாட்டி விட்டேன். விடியக்காலையில எதிர் மனை மணல்லதான் போய் ஒதுங்கிட்டு வருது."

பெரியவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். மயிர் என்று ஊருக்கே காட்டிய கோடுகள், கம்பளிப் பின்னல்!

மனைவி குரலைத் தாழ்த்தினாள். "சிறுத்தை ஓடிப்போச்சுன்னு சொல்லிடுங்களேன். யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியுமேடி! தப்பாச் சொன்னது போதாதுன்னு பொய் வேற சொல்லணுமா?"

நாயைக் கயிற்றில் பிடித்தார். முதுகு வளையாமல் தெருவைக் கடந்து, அத்தனை பேர் பார்க்க, பழைய தடத்துக்குப் பக்கத்திலேயே அதை நடத்தினார்.

மேஸ்திரி இரண்டு தடத்தையும் மாறி மாறிப் பார்த்தார். சித்தாள் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஏங்கய்யா, சிறுத்தைக்குக் குளிருதா?"

"குளிருச்சுன்னா நான் போர்வை போத்திவிடறேன். நீ முதல்ல மெஷினை ஓட்டு!"

மெஷின் இரைச்சலையும் மீறிச் சிரிப்பு கேட்டது. பெரியவர் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. தளம் போட்டு முடியும்வரை, நாயைப் பிடித்தபடி அங்கேயே நின்றார்.