பத்திரம் சார் அழித்த கோப்பு

எங்கள் தலைமைப் பொறியாளருக்குப் பத்திரம் சார் என்று பெயர். பெற்றோர் வைத்ததல்ல, நாங்கள் வைத்தது. எதைத் தூக்கிப் போடச் சொன்னாலும் "இருக்கட்டும், பத்திரமா இருக்கட்டும்" என்பார். அவர் மேசை இழுப்பறையைத் திறந்தால் செத்துப்போன சார்ஜர்கள் காலில் விழும். தங்கமான மனிதர். ஆனாலும் அன்று காலை அவர்மேல் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

காரணம் என் அண்ணி. பிள்ளை பெற்று வளர்த்துவிட்டு, இப்போதுதான் எங்கள் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். பள்ளிப் பேருந்து எங்கே வருகிறது என்று பெற்றோருக்குக் காட்டும் செயலி எங்களுடையது. வேலையைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஆளுக்கொரு மாட்யூலாக எழுதி, கடைசியில் ஒன்றாகச் சேர்ப்போம். பேருந்தை வரைபடத்தில் நகர்த்தும் மாட்யூலை அண்ணி கேட்டு வாங்கியிருந்தாள். அவள் கணினியில் அது ஜம்மென்று ஓடியது. சர்வரில் ஏற்றியதும், பேருந்தை நகர்த்த அவள் புதிதாக எழுதிய மெத்தடே, அந்தக் கட்டளைகளே, இல்லை என்று சொல்லிப் படுத்துக்கொண்டது.

"மதியத்துக்குள்ள சரியாகலேன்னா இதை மட்டும் விட்டுட்டு மத்ததை வெளியிட்டுடலாம்மா. அடுத்த தடவை பாத்துக்கலாம்," என்றார் பத்திரம் சார்.

அடுத்த வெளியீடு பள்ளி விடுமுறைக்குப் பிறகுதான். அண்ணியின் முகம் சுண்டிப்போனது.

"பையன் பஸ் எங்க வருதுன்னு தெரியாம சாயங்காலம் ஆனா எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. அதுக்காகத்தான் இதைக் கேட்டேன்," என்றாள் என்னிடம்.

நாத்தனார் என்றால் அண்ணியைப் படுத்த வேண்டும் என்று ஊரில் பேச்சு. அந்த உரிமையை ஒரு சர்வருக்கு விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

பழையதையெல்லாம் துடைத்துவிட்டு, எல்லா மாட்யூலையும் மறுபடி ஒன்றாகச் சேர்த்து பில்ட் செய்தோம். அதே பிழை. எந்த மாட்யூல் எதை நம்பியிருக்கிறது என்று பார்த்தோம். பதிப்பு எண்கள் எல்லாம் சரி. நான் விசைப்பலகையைக் குத்த ஆரம்பித்தேன்.

"அதை ஏன் அடிக்கிற? அதுகிட்டயே கேட்டுடலாம்," என்றாள் அண்ணி. "ஒவ்வொரு கிளாஸையும் எங்கேருந்து எடுக்குதுன்னு சொல்ல வைப்போம்."

கிளாஸ் என்பது மெத்தடுகளைப் போட்டு வைக்கும் பெட்டி மாதிரி. சர்வரில் அப்படியே ஓடவிட்டாள். திரையில் வரிகள் கொட்டின. அவள் கிளாஸின் பெயர் வந்தது, ஆனால் அவள் மாட்யூலிலிருந்து அல்ல. எல்லாருக்கும் பொதுவான மாட்யூலில், அதே பெயரில் ஒரு பழைய கிளாஸ், புது மெத்தட் இல்லாமல் சொகுசாக உட்கார்ந்திருந்தது. புரோகிராம் கிளாஸைத் தேடும்போது கோப்புகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போகும். பெயர் பொருந்தும் முதல் ஆளைக் கூட்டிக்கொண்டு போய்விடும். கோப்புகளின் வரிசை அண்ணியின் கணினியில் ஒரு மாதிரி, சர்வரில் வேறு மாதிரி. வீட்டில் ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால் வாசலுக்குப் பக்கத்தில் இருப்பவர்தானே வந்து நிற்பார்.

பழைய கிளாஸை அங்கே வைத்த புண்ணியவான் யார் என்று தேடவே வேண்டியிருக்கவில்லை. எல்லாரும் ஒரே ஆளைத்தான் திரும்பிப் பார்த்தோம்.

"பொது மாட்யூல்லேருந்து உன் மாட்யூலைப் பிரிச்சப்ப அங்க ஒரு காப்பி விட்டு வெச்சேன்," என்றார் பத்திரம் சார், அசடு வழிய. "நாந்தானா அது? இவ்வளவு நேரம் உன் மேல பழியப் போட்டுட்டேனேம்மா."

சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது. அழிக்கும் பொறுப்பை அவரிடமே கொடுத்தோம். விரலை விசைமேல் வைத்துக்கொண்டு தயங்கினார்.

"ஒரே ஒரு காப்பி மட்டும் எங்கயாவது..."

"சார்," என்றோம் நானும் அண்ணியும் ஒரே குரலில்.

கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினார்.

பில்ட் முடிந்து சர்வரில் ஏற்றினோம். வரைபடத்தில் பேருந்துகள் ஊர் முழுக்க ஊர ஆரம்பித்தன. மதியமே அண்ணியின் மாட்யூலோடு செயலி வெளியானது.

சாயங்காலம் அவள் கைபேசியில் ஒரு மஞ்சள் புள்ளி எங்கள் தெருவுக்குள் திரும்பி, வீட்டு வாசலில் நின்றது. நாங்கள் இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம். உடனே வீட்டிலிருந்து என் அம்மாவின் அழைப்பு. பேரன் வந்து சேர்ந்ததைச் சொல்ல அவள் தினமும் கூப்பிடுவாள். அண்ணி ஸ்பீக்கரில் போட்டாள்.

"தெரியும் அத்தை, வந்துட்டான். பஸ் இன்னும் வாசல்லதான் நிக்குது. கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போங்க."

அம்மா தெருவைச் சுற்றிமுற்றிப் பார்த்திருக்க வேண்டும்.

"எங்கம்மா நிக்கிற? மாடியிலயா? வேலைக்குப் போகலயா இன்னிக்கு?"

அண்ணிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன.

"வேலையிலதான் இருக்கேன் அத்தை," என்றாள்.