கடைசி வீட்டு ஆட்சேபணை

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும் என்று வீட்டில் சொல்வார்கள். அன்று காலை அனுமதி அலுவலகத்திலிருந்து போன் வந்தபோது கோபப்படக்கூட நேரம் இருக்கவில்லை. மறுநாள் மாலை தெருவை அடைத்து நாங்கள் நடத்தவிருந்த இசை நிகழ்ச்சிக்கு ஓர் ஆட்சேபணை வந்திருக்கிறதாம்.

நாங்கள் என்றால் நானும் என் அண்ணனும். மேடை, விளக்கு, பாட்டுக்காரர்கள் எல்லாம் அண்ணன் பாடு. அனுமதியும் வரைபடமும் அலுவலகத்துக்கு நடையாய் நடப்பதும் என் தலையில். முன்பு ஒரு நிகழ்ச்சியில் சக்கர நாற்காலிக்குச் சரிவுப் பாதை போடாமல் விட்டு எச்சரிக்கை வாங்கியிருந்தோம். இன்னொரு தடவை சிக்கினால் நிறுவனத்தின் உரிமமே போய்விடும். அதனால் இந்த முறை விழுந்து விழுந்து வேலை பார்த்திருந்தேன். சரிவுப் பாதை உண்டு, முன்வரிசையில் சக்கர நாற்காலிகளுக்கு இடம் உண்டு, அகலக் கதவு வைத்த கழிப்பறைகூட உண்டு. இதிலும் குறை கண்டுபிடித்த புண்ணியவான் யார் என்று பார்க்கத்தான் போனேன்.

அலுவலக மேடம் ஒரு தாளை என் பக்கம் திருப்பினார்.

"கடைசி வீட்டுல ஒரு தையல்காரம்மா இருக்காங்க. அவங்க கொடுத்தது. பொது அறிவிப்பு கண்ணுலயே படலையாம்."

"அதெப்படி மேடம்? தெரு முழுக்க ஒட்டியிருக்கோம். போட்டோகூடக் கொடுத்திருக்கேனே."

மேடம் போட்டோவைத் தேடி எடுத்தார். அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இவ்வளவு உயரத்துல யாரும்மா ஒட்டினது?"

ஒட்டியது ஒட்டகம். எங்களுக்குச் சுவரொட்டி ஒட்டும் பையனின் உயரத்துக்கு நாங்கள் வைத்த பெயர் அது. சுவரொட்டி ஒட்டுகிறவர்கள் யாரும் கை எட்டும் இடத்தில் ஒட்ட மாட்டார்கள். எட்டினால் எவனாவது கிழிப்பான், இல்லையென்றால் அதன்மேலேயே இன்னொன்றை ஒட்டிவிட்டுப் போவான். ஏணி போட்டு ஏறி ஒட்டுவதுதான் அவர்கள் தொழிலில் சுத்தம். அறிவிப்பையும் ஒட்டகம் அப்படியே ஒட்டியிருந்தான், ஒரு சுருக்கம் விழாமல். போட்டோவைப் பார்த்து நான் சபாஷ் வேறு சொல்லியிருந்தேன். நின்று அண்ணாந்து பார்த்தால் படிக்கலாம். உட்கார்ந்தே இருக்கும் ஒருவரால் முடியாது.

"அந்தம்மா சக்கர நாற்காலியில இருக்காங்க" என்றார் மேடம். "அதோட, உங்க மேடை அவங்க கேட்டை அடைச்சுக்கிட்டு நிக்குது. பார்த்தீங்களா?"

வரைபடத்தைப் பார்த்தேன். தெருவின் ஓர் ஓரத்தைத் தீயணைப்பு வண்டிக்காக விட்டாக வேண்டும். மிச்சமுள்ள இடத்தில் மேடை கோடியில்தான் நிற்கும். அந்தக் கோடியில் ஒரு கேட் இருப்பதை நானே கோடு போட்டுக் காட்டியிருந்தேன். அதன் வழியாக ஓர் ஆள் வெளியே வருவார் என்பது மட்டும் எனக்குத் தோன்றவில்லை.

"மேடையைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கறோம் மேடம்."

"இடம் மாறினா புது வரைபடம். அப்புறம் மறுபடியும் அறிவிப்பு ஒட்டி, அதுக்கு உண்டான நாள் காத்திருக்கணும். நாளைக்கு நடக்காது. மறுத்தா அதுவும் உங்க பேருல ரெண்டாவது குறையா பதிவாகும்." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அவங்களே வாபஸ் வாங்கிக்கிறதா எழுதிக் கொடுத்தா நான் கையெழுத்துப் போட்டுடுவேன். ஆபீஸ் மூடுறதுக்குள்ள கொண்டு வாங்க."

படி இறங்குவதற்குள் அண்ணன் போன்.

"கால்ல விழுந்தாவது வாங்கிட்டு வா. ஒரு ராத்திரிதானே, நல்ல ஹோட்டல்ல தங்க வைக்கறோம்னு சொல்லு. உரிமம் போச்சுன்னா நாம நடுத்தெருவுலதான் நிக்கணும்."

நாம் பிழைப்பதே நடுத்தெருவில்தானே என்று வேறு நேரமாக இருந்தால் கிண்டல் செய்திருப்பேன். ஆனால் அவன் குரல் நடுங்கியது. அண்ணன் குரல் நடுங்கி நான் கேட்டதே இல்லை.

கடைசி வீட்டில் கதவு திறந்தே இருந்தது. கத்தரிக்கோல் தொங்கும் ஆணி, சுவிட்ச், முகம் பார்க்கும் கண்ணாடி எல்லாம் என் இடுப்பளவில் இருந்தன. என்னைவிடப் பத்து வயது மூத்தவராகத் தெரிந்த தையல்காரர், ஒரு நீலச் சட்டைக்குக் கை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தார்.

"விழாக்காரங்களா? உட்காரும்மா. நிக்கறவங்ககிட்டப் பேசினா எனக்குக் கழுத்து வலிக்கும்."

உட்கார்ந்தேன். வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வைத்திருந்த பேச்சை விட்டுவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தேன்.

"தப்பு எங்க மேலதான் அக்கா. நாளைக்கு ஒரு ராத்திரி மட்டும்... கார் அனுப்பறோம், நல்ல ஹோட்டல், லிஃப்ட் இருக்கு."

"இதுக்கு முன்னாடி தெருவை அடைச்சவங்களும் இதையேதான் சொன்னாங்க. லிஃப்ட் இருந்தது. லிஃப்டுக்குப் போக நாலு படி ஏறணும். ரெண்டு பேர் மூட்டை மாதிரி தூக்கிட்டுப் போனாங்க." சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்துத் தொலைத்தேன், உடனே வெட்கமாகப் போய்விட்டது. "நான் இங்கேயே இருந்துக்கறேன். உன் முகத்தைப் பார்த்தாலே பாவமா இருக்கு. எதுல கையெழுத்துப் போடணும்? கொடு."

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. தயாராகக் கொண்டுபோன வாபஸ் கடிதத்தை நீட்டினேன். தையல் மேஜைமேல் வைத்துக் கையெழுத்திட்டு, மை காய ஊதி, என் கையில் கொடுத்தார்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காத. ஜெனரேட்டரும் என் கேட்டுக்கிட்டதானே வைப்பீங்க?"

"ஆமாக்கா."

"அது தீப்பிடிச்சுதுன்னா நான் எந்தப் பக்கமா வெளிய வரணும்? பின்னாடி சுவரு. அதை மட்டும் சொல்லிட்டுப் போ. தெரிஞ்சா நான்பாட்டுக்கு நிம்மதியா பாட்டுக் கேப்பேன்."

குத்தலாகக் கேட்கவில்லை. பஸ் எங்கே நிற்கும் என்று கேட்பதுபோல் கேட்டார், அதுதான் என்னைக் கொன்றது. நானே வந்து கூட்டிப் போகிறேன் என்று வாய்வரைக்கும் வந்தது. எந்த வழியாக? பார்த்துச் சொல்கிறேன் என்று முனகிவிட்டு எழுந்து வந்தேன். வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர், பின்னால் ஆள் உயரத்துக்கு மதில். கேட்டை விட்டால் வேறு போக்கிடம் இல்லை.

அலுவலகம் போகும்வரை எனக்கு நானே வக்கீலாகப் பேசிக்கொண்டேன். இத்தனை நிகழ்ச்சி நடத்தியிருக்கிறோம், எதில் தீப்பிடித்தது? அவரே மனசாரக் கொடுத்தாரே, நான் என்ன பிடுங்கிக்கொண்டா வந்தேன்? பைக்குள் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது.

மேடம் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

"என்னம்மா, கொடுத்துட்டாங்களா?"

"கொடுத்துட்டாங்க மேடம்." கடிதத்தை நான்காக மடித்தேன். "நான்தான் கொடுக்கப் போறதில்ல."

மேடம் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பையை இறக்கி வைத்து உட்கார்ந்து, எங்கள் விண்ணப்பத்தின்மேல் மறுப்பு முத்திரையைக் குத்தினார். பெருமை கிருமை ஒன்றும் இல்லை, பயம்தான்.

வாசலுக்கு வந்து போனை எடுத்தேன்.

"வாங்கிட்டியா?" என்றான் அண்ணன்.

"அந்தக்கா கையெழுத்துப் போட்டுக் கொடுத்துட்டாங்க அண்ணா."

"அப்பாடா!" என்று நீளமாக மூச்சு விட்டான். காலையிலிருந்து அடக்கி வைத்திருந்த மூச்சு அது. அவன் அதை விட்டு முடிக்கட்டும் என்று, மீதியைச் சொல்லாமல் காத்திருந்தேன்.