பாறையில் பேசியது

இன்னும் கொஞ்சம் கிட்டே வந்து உட்காருங்கள், என் கண்ணுகளா. கையில் இருக்கிற போனைக் கவிழ்த்து வைத்துவிடுங்கள். இது உங்களுக்கு மட்டும் சொல்கிற கதை. ஏழு பேருடைய மனதை ஒருத்தியின் மனது என்று நினைத்து ஒருவன் தாளில் எழுதி வைத்த கதை.

சந்தவாசலுக்கு வெளியே தகரக் கூரை போட்ட புளி மண்டி ஒன்று இருக்கிறது. மாசி மாதத்துப் பனி தகரத்திலிருந்து சொட்டும்போதே உள்ளே தட்டுச் சத்தம் தொடங்கிவிடும். பழத்தைக் கருங்கல்லில் வைத்து இரும்புக் கம்பியால் தட்ட வேண்டும். ஓட்டை உதிர்த்து, நாரை உருவி, வயிற்றைக் கீறிக் கொட்டையை எடுக்க வேண்டும். பொழுது சாயும்வரை இதேதான். புளிப்பு நகக்கண்ணில் இறங்கி விரலைத் தின்னும். மத்தியானம் சோற்றில் கை வைத்தால் குழம்பு நெருப்பாய்ச் சுடும்.

மண்டியில் முப்பது பெண்கள். அதில் ஏழு பேர் ஜவ்வாது மலைக்காரர்கள். இருட்டோடு எழுந்து, ஒற்றையடிப் பாதையில் ஒரு மணி நேரம் இறங்கி, ஷேர் ஆட்டோ பிடித்து வருவார்கள். ஏழு பேருக்கும் சேர்த்து இருந்தது ஒரே போன். அது கன்னியம்மாளுடையது. அவள் புருஷன் லட்சுமணன் இரண்டு வருஷத்துக்கு முன்னால் புளியமரத்திலிருந்து விழுந்து இடுப்பு உடைந்து கட்டிலோடு கிடக்கிறான். பிள்ளை இல்லை. அவள் தட்டுகிற புளிதான் இரண்டு பேருக்கும் கஞ்சி.

மலை ஏறுகிற வழியில் பாதித் தூரத்தில் ஒரு பாறை. அதன் உச்சியில் நின்றால் மட்டும்தான் டவர் கிடைக்கும். சாயந்தரம் திரும்பும்போது ஒருத்தி மாற்றி ஒருத்தி போனோடு அதில் ஏறுவாள். திருப்பூரில் இருக்கிற மகனிடம் பேசுவாள். பாட்டுக் கேட்பாள். எழுதப் படிக்கத் தெரியாதவள், மனதில் இருப்பதைப் போனிடமே வாயால் கேட்டுப் பதில் வாங்குவாள். அவள் பேசி முடிக்கும்வரை மற்ற ஆறு பேரும் கீழே முதுகைத் திருப்பி உட்கார்ந்து, வேண்டுமென்றே சுள்ளி ஒடித்துக்கொண்டிருப்பார்கள். பாறையில் பேசியது பாறையோடு. யாரும் வகுத்த சட்டமில்லை, அப்படியே பழகிவிட்டார்கள்.

தை பிறந்ததும் மேஸ்திரி சுரேஷ் எல்லார் போனிலும் வருகைப் பதிவு ஆப் ஏற்றினான். கன்னியம்மாள் போனில், "எல்லாத்துக்கும் சரி குடுக்கணும்மா, இல்லன்னா வேலை செய்யாது" என்று அவனே வரிசையாக அழுத்தினான். மற்ற ஆறு பேரும் அதே போனில் முகத்தைக் காட்டினார்கள். ஆனால் ஆப்பில் ஏறியது கன்னியம்மாள் பெயர் ஒன்றுதான்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, முதலாளி அசோக்குமார் கையில் தாள்களோடு வந்தார்.

"கன்னியம்மா, நாளையிலேர்ந்து வர வேணாம்."

கம்பி பிடித்த கை அப்படியே நின்றது. "நான் இன்னா தப்பு பண்ணேன்ங்க?"

"தப்பு இன்னும் பண்ணல. பண்ணுவேன்னு வந்திருக்கு."

"யாருங்க சொன்னது?"

"உன் போன்தான். அந்த வருகை ஆப் வழியா நீ பாக்குறது, கேக்குறது, பேசுறது எல்லாத்தையும் சேத்து, உம்மனசு எப்படின்னு போட்டுக் குடுக்க மெட்ராஸ்ல ஒரு கம்பெனி இருக்கு. படிக்கிறேன் கேளு. காலைல சாமி பாட்டு. சாயந்தரம் குத்துப் பாட்டு. 'வேலூர்ல தையல் வேலை கெடைக்குமா?' 'கூலி கொறைச்சா எங்க புகார் குடுக்கணும்?' 'மாமியார் வாய அடைக்க மந்திரம் இருக்குதா?'"

மண்டியில் சிரிப்பு ஓடியது. "அது பலிக்கல" என்று மெதுவாகச் சொன்னாள் மலைக்காரி அம்சவல்லி. "ஒரு மனசுல இத்தனை இருந்தா அது மனசா, ஞாயித்துக்கிழமை சந்தையா?"

முதலாளி சிரிக்கவில்லை. "நிலையில்லாத மனசுன்னு போட்டிருக்கு. கடைசியா இது. 'நான் இல்லாட்டி என் புள்ளைங்கள கவர்மெண்டு பாத்துக்குமா?' மூணு தரம் கேட்டிருக்கே."

தட்டுச் சத்தம் முழுதும் நின்றுவிட்டது.

"அண்ணே," என்றான் சுரேஷ், "அவளுக்குப் புள்ளையே கெடையாது. அந்தப் போன்ல ஏழு பேரும் பேசுவாங்க."

அசோக்குமார் தாளைப் பார்த்தார், ஏழு பேரையும் பார்த்தார். "அப்ப யாரு கேட்டது? சொல்லிடு. நீ இரு, அவ மட்டும் போவட்டும். எவளாவது ஏதாவது பண்ணிக்கினா ஸ்டேஷன் வாசல்ல நான் நிக்கணும். நீ சொல்லலன்னா இந்தத் தாள் உன் பேர்ல எல்லா மண்டிக்கும் போவும். அப்பறம் கண்ணமங்கலம் வரைக்கும் எவனும் உன்ன சேக்கமாட்டான்."

ஒரு பெயர் போதும், கண்ணுகளா. கட்டிலில் கிடக்கிறவன் இன்றைக்கும் கஞ்சி குடிப்பான். யார் என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரியாது. ஆனால் பத்து நாளாக முந்தானையால் கழுத்தை மறைத்துக்கொண்டு, பாறையிலிருந்து கண் சிவந்து இறங்குகிற ஒருத்தியை அவள் பார்த்திருந்தாள். இப்போது அந்தப் பக்கம் அவள் திரும்பவில்லை. திரும்பினால் அந்தப் பார்வையே விரல் நீட்டியதாகிவிடும்.

"எங்க பாறையில பேசுறத நாங்க கேக்குறதில்லைங்க."

"போன் உன்னுதுதானே?"

"ஆமாங்க. அப்ப நான்தான் கேட்டேன்னு வெச்சுக்குங்க."

"புள்ள இல்லாதவ எதுக்குடி கேக்குற?"

"இல்லாதவ கேக்கக் கூடாதுங்களா?"

மடியில் கிடந்த புளி ஓட்டை உதறிவிட்டு அம்சவல்லி எழுந்தாள். "அவ இல்ல. நான்தான் கேட்டேன்."

"நானும் கேட்டேன்" என்று எழுந்தாள் பத்தொன்பது வயது ரம்யா.

சுரேஷ் முறைத்தான். "ஒனக்குக் கல்யாணமே ஆவலயே?"

"ஆனப்பறம் கேக்க நேரம் இருக்குமோ இன்னாவோ. முன்னாடியே கேட்டு வெச்சேன்."

மலைக்காரர்கள் ஒவ்வொருத்தியாக எழுந்தார்கள். கடைசியில், முந்தானையைக் கழுத்தோடு பிடித்தபடி, நீலாவதி. "நான்தாங்க கேட்டேன்." அவள் மட்டும் பொய் சொல்லவில்லை. ஆனாலும் அவளை யாரும் தனியாகத் திரும்பிப் பார்க்கவில்லை. ஆறு பொய்க்கு நடுவில் அந்த ஓர் உண்மை பத்திரமாக நின்றது.

அப்போது எதிர் வரிசையிலிருந்து படவேட்டு மஞ்சுளா கேட்டாள். மலைப் பெண்களோடு அதுவரை அவள் அதிகம் பேசியதில்லை. "அண்ணே, என் தாள்ல இன்னா போட்டிருக்கு?"

"ஒனக்கு நல்லாத்தாம்மா வந்திருக்கு. பொறுமசாலி. எவ்ளோ குடுத்தாலும் செய்வே, வுட்டுட்டுப் போவமாட்டே."

"அதனாலதான் பொங்கலுக்கப்பறம் கூலிய ஏத்தாம எனக்கு மட்டும் மூட்டைய ஏத்தினீங்களா?"

அசோக்குமார் தாள்களை மடித்துப் பைக்குள் வைத்தார். மஞ்சுளா கம்பியைக் கல்லின்மேல் வைத்தாள். வீசவில்லை, சத்தம் வராமல் வைத்தாள். அடுத்தவளும் வைத்தாள். முப்பது கம்பியும் கல்லில் படுத்தன.

"எங்க தாள எங்ககிட்ட குடுங்க. எங்க போன்லேர்ந்து அந்த ஆப்ப எடுங்க. கன்னியம்மாவுக்கு வேலை இருக்கணும். அதுவரைக்கும் தட்டமாட்டோம்."

"தாள் எல்லா மண்டிக்கும் போவும், மஞ்சுளா. அப்பறம் அழுவாதீங்க."

"அதுக்கு முன்னாடி நாங்க போறோம்ங்க, எல்லா மண்டிக்கும்."

அன்று மத்தியானமே மலைக்காரர்கள் திரும்பினார்கள். கூலி இல்லை, மடியில் அரிசி இல்லை. பாறை வந்தது. கன்னியம்மாள் போனை அணைத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். அன்றைக்கு ஒருத்தி மாற்றி ஒருத்தி இல்லை, ஏழு பேரும் சேர்ந்தே ஏறினார்கள். யாரும் முதுகைக் காட்டவில்லை.

உச்சியில் உட்கார்ந்ததும் நீலாவதி, "யக்கா, நான் இல்லாட்டி என் புள்ளைங்க..." என்று தொடங்கினாள்.

"நீ இருப்ப" என்றாள் கன்னியம்மாள். "இன்னைக்குப் பொழுது சாயறதுக்குள்ள உன் வூட்டு வாசல்ல நிப்பேன். வரலன்னா இழுத்துனு போவேன். இன்னைக்கு ராத்திரி புள்ளைங்களோட என் வூட்டுக்கு வந்துடு. சாமைக் கஞ்சிதான். உன் புருஷன் தேடினு வந்தா நான் பேசிக்கிறேன்."

"தொணைக்கு என் மாமியாரையும் அனுப்புறேன்" என்றாள் அம்சவல்லி. "அவ வாய்க்கு முன்னாடி எந்த ஆம்பள நிப்பான்? மந்திரம் பலிக்காததும் நல்லதாப் போச்சு."

நீலாவதி அழுதாள். அழுதுகொண்டே சிரித்தாள். கழுத்திலிருந்து முந்தானை சரிந்து, புருஷனின் விரல்தடம் தெரிந்தபோதும் இழுத்து மறைக்கவில்லை.

இன்றோடு ஒன்பதாம் நாள். மண்டிக் கதவில் 'ஆட்கள் தேவை' என்று ஒட்டியிருக்கிறது. முப்பது பேரும் அதற்கு எதிரே வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருக்கிறார்கள். தாள் கைக்கு வரவில்லை. தொழிலாளர் ஆபீசில் மனுவை வாங்கிக்கொண்டார்கள், பதில் வரவில்லை. லட்சுமணனுக்குக் கஞ்சி, முறை வைத்து ஒவ்வொரு வீட்டிலிருந்தும் போகிறது. அந்த வீடுகளிலும் பானை காய்ந்துகொண்டுதான் வருகிறது. ஆனால் நேற்று விடியற்காலை, போளூர் ரோட்டில் இருக்கிற இன்னொரு மண்டியிலும் தட்டுச் சத்தம் கேட்கவில்லை. அந்தப் பெண்களும் தங்கள் தாளைக் கேட்கிறார்களாம்.

போய் வாருங்கள், என் கண்ணுகளா. உங்கள் வீட்டு அடுப்பு அணையாமல் எரியட்டும். உங்கள் பிள்ளைகள் மடி நிறைய வளரட்டும். துக்கம் வந்தால் கேட்க ஒரு காதும், தனியாகப் பேச வேண்டுமென்றால் திரும்பி உட்கார ஒரு முதுகும், உங்கள் வாசலிலேயே எந்நாளும் இருக்கட்டும்.