நனைந்த கூம்புகள்

தாவரவியல் பூங்காவில் எல்லோரும் அவளைப் பொறுப்பக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். எந்த வேலையைச் சொன்னாலும் "அது என் பொறுப்பு" என்று முந்திக்கொள்கிறவளுக்கு வேறு என்ன பேர் வைப்பது? அப்பேர்ப்பட்டவள்தான் அன்று தார்ப்பாய் போட மறந்தாள்.

புயலில் விழுந்த பைன் மரத்தின் கடைசிக் கூம்புகள் அவை. பூங்காவில் அந்த இனத்தில் வேறு மரமே கிடையாது. மொட்டைமாடியில் காயவைத்தால் செதில்கள் விரிந்து விதை உதிரும், அதை முளைக்கவைத்து அதே இடத்தில் நடலாம் என்று மேலாளர் சொல்லியிருந்தார். விரியவும் ஆரம்பித்திருந்தன. அவள் சாப்பிடக் கீழே இறங்கிய நேரம் பார்த்து மழை கொட்டித் தீர்த்தது. ஓடிப்போய்ப் பார்த்தால் அத்தனை கூம்பும் செதில் மூடி இறுகிக் கிடந்தன.

பதினெட்டு வருஷம் அவரை, வெண்டை விதைகளோடு மாரடித்தவள். இந்த மரப் பிரிவுக்கு வந்து ஒரு மாதம்தான் ஆகிறது. விதை நனைந்தால் ஊறும், ஊறினால் அழுகும், அவள் கண்டது அவ்வளவுதான். அவரை விதைக்காவது காய் என்று ஒரு போர்வை உண்டு. இதற்குப் பூவும் இல்லை, காயும் இல்லை. செதிலின் மேல் வெறும் உடம்போடு உட்கார்ந்திருக்கும். போச்சு, எல்லாம் போச்சு.

கூடையைத் தூக்கிக்கொண்டு, ரொட்டிக்கடை வைத்திருக்கும் நாத்தனாரிடம் போய் நின்றாள்.

"ஒரு மரத்தோட வம்சத்தையே அழிச்சிட்டேன்டி."

நாத்தனார் ஒரு கூம்பைத் திருப்பிப் பார்த்தாள். "மழை வந்தா நீங்களே ஓடிப்போய் ஜன்னலச் சாத்துவீங்க அண்ணி. காலமெல்லாம் வெட்டவெளியில நின்ன மரத்துக்கு அந்தப் புத்தி இருக்காதா?"

செடிக்கும் கொடிக்கும் வித்தியாசம் தெரியாதவள் பேச்சைப் பார்! பொறுப்பக்காவுக்கு எரிச்சல்தான் வந்தது. ஆனாலும் தலைக்கு மேல் வெள்ளம் போனபின் சாண் என்ன, முழம் என்ன? ரொட்டி எடுத்தபின் கைபொறுக்கும் சூட்டில் இருந்த அடுப்பில் கூம்புகளைத் தட்டுத் தட்டாக அடுக்கினார்கள்.

சாயங்காலம் உள்ளே 'டக்' என்றது. இன்னொரு 'டக்'. செதில்கள் ஒவ்வொன்றாக விரிய, மெல்லிய இறக்கையோடு விதைகள் தட்டில் உதிர்ந்தன. ஒன்றை எடுத்து நகத்தால் கீறினாள். உள்ளே வெள்ளை வெளேரென்று இருந்தது. ஊறவும் இல்லை, அழுகவும் இல்லை. அப்பாடா! அங்கேயே மாவு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டாள்.

"நான் மூட மறந்தேன். இந்தக் கூம்பு மறக்கலடி," என்றாள், அழுகையும் சிரிப்புமாக.

நாத்தனார் விரிந்த கூம்பு ஒன்றை எடுத்து அவள் மடியில் வைத்தாள்.

"அப்போ இனிமே இதைத்தான் பொறுப்பக்கான்னு கூப்பிடணும்."