மொக்தாரின் மதியச் சோறு

ரோஸ்னாவின் கோழிகளுக்குத் திடீரென்று திமிர் வந்துவிட்டது. தீவனத்தை வாரி இறைத்தால் ஒன்றையொன்று மிதித்துக்கொண்டு ஓடிவரும் கூட்டம், நோன்பு தொடங்கிய சில நாட்களிலேயே கல்யாண விருந்து முடித்து வந்தவர்களைப் போல நின்ற இடத்தில் நின்றது. ஒரு காலை, என்ன நோயோ என்று கூண்டுக்குள் குனிந்து பார்த்தாள். மண்ணில் மிளகாய் விழுதில் பிரட்டிய முட்டையில் பாதி கிடந்தது. பக்கத்தில் தேங்காய்ப்பால் சோற்றுப் பருக்கைகள்.

அந்த முட்டை அவள் பிரட்டியதுதான். நோன்பு வைத்துக்கொண்டு, ருசி பார்க்க வழியில்லாமல், கைக்கணக்கில் உப்புப் போட்டுச் செய்து, கணவர் மொக்தாருக்கு டப்பாவில் கட்டிக் கொடுத்தது.

மொக்தார் ஹோம் தீவு என்கிற சின்னத் தீவில் குப்பை வண்டி ஓட்டுகிறவர். வயது ஐம்பதைத் தாண்டியவர். சர்க்கரை வந்து பல வருடங்களாகியும் மாத்திரையோடு சமாளித்து, ஒரு நோன்பையும் விடாமல் பிடித்து வந்தார். இந்த வருடம் மாத்திரைக்குக் கட்டுப்படவில்லை. மேற்குத் தீவிலிருந்து படகில் வந்த டாக்டரம்மா ஊசிக்கு மாற்றிவிட்டார்.

"போன நோன்புல எனக்குச் சர்க்கரை குறைஞ்சுதே டாக்டர்?" என்று கேட்டுப் பார்த்தார் மொக்தார்.

"குறைஞ்சுது, எடையும் இறங்குச்சு. அப்ப உங்களுக்கு நோன்பு நல்லதுதான் பண்ணுச்சு. இப்ப நீங்க ஊசிக்காரர். காலி வயித்துல ஊசி போட்டா ஆளையே கவுத்துடும். இந்த வருஷம் நோன்பு வேண்டாம்."

மொக்தார் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினார். வீட்டுக்கு வந்ததும், "நீ பசியோட உக்காந்திருக்கும்போது உன் எதிர்ல நான் எப்படித் தின்ன? டப்பாவுல கட்டிக் குடு. படகுக் கொட்டகையில வச்சுத் தின்னுக்கறேன்" என்றார். ரோஸ்னாவுக்கும் அது சரியென்று பட்டது. சாயங்காலம் டப்பா கழுவிச் சுத்தமாக வீடு திரும்பும். நேற்று ஒரு குறைகூடச் சொன்னார்: "முட்டையில உப்பு கொஞ்சம் தூக்கல்."

கோழிக்கூண்டு இருப்பது படகுக் கொட்டகைக்குப் பின்னால்தான்.

அன்றும் டப்பா கட்டி அனுப்பியிருந்தாள். நண்பகல் தொழுகைக்கு அழைப்பு வருவதற்கு முன்பே தன் வண்டியைக் கிளப்பிக்கொண்டு கொட்டகைக்குப் போனாள். நாலு கேள்வி நறுக்கென்று கேட்டுவிட வேண்டும் என்று வழியெல்லாம் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

மொக்தார் படகில் சாய்ந்து மணலில் உட்கார்ந்திருந்தார். மடியில் டப்பா திறக்காமல் இருந்தது. சட்டை முழுக்க வியர்வை. ஆனால் கை தொட்டால் ஜில்லென்றிருந்தது, விரல்கள் நடுங்கின.

"என்னங்க!"

"நீ ஏன் வந்த சல்மா? அம்மா தேடுவாங்க, போ" என்றார். சல்மா அவருடைய தங்கை. கல்யாணமாகி பெர்த்துக்குப் போய் எத்தனையோ வருடமாகிறது.

கேட்க வைத்திருந்த கேள்வியெல்லாம் ரோஸ்னாவுக்கு மறந்துபோயிற்று. இதைத்தான் டாக்டரம்மா திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார். வியர்வை, நடுக்கம், உளறல். சீனி, உடனே சீனி. கொட்டகையின் பலகையில் காப்பிக்கு வைத்திருந்த இனிப்புக் கெட்டிப்பால் டப்பி கண்ணில் பட்டது. விரலால் வழித்து அவர் வாயருகே கொண்டுபோனாள்.

"நோன்பு..." என்று பல்லைக் கடித்துக்கொண்டார்.

"நோன்பும் இல்ல, ஒண்ணும் இல்ல. வாயத் தொறங்க!"

திறக்கவில்லை. ஒரு கையால் தாடையைப் பிடித்து, மறு கையால் கன்னத்தின் உட்புறம் பாலைத் தடவினாள். தடவித் தடவி, விழுங்கு விழுங்கு என்று குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னாள். கொஞ்சம் கொஞ்சமாகத் தொண்டை அசைந்தது. பிறகு அவரே அவள் விரலைச் சப்பினார். கண்ணில் மெதுவாக ஆள் திரும்பி வந்தார்.

"ரோஸ்னா?"

"இப்பவாவது தெரிஞ்சுதே" என்றவள், பதற்றத்தில் விரலில் ஒட்டியிருந்த பாலை வாயில் வைத்து நக்கிவிட்டாள். நக்கிய பிறகுதான் நினைவு வந்தது. "அய்யோ, என் நோன்பு!"

"மறந்து தின்னா முறியாது" என்றார் மொக்தார், குரல் குழற.

"இந்தச் சட்டமெல்லாம் நல்லாத் தெரியுது. நோயாளிக்கு நோன்பு கடமையில்லங்கற சட்டம் மட்டும் தெரியாதா? உப்பு தூக்கல்னு யார் சொன்னது, கோழியா?"

அவள் டப்பாவைத் திறந்து சோற்றை எடுத்து ஊட்டினாள். ரெண்டு வாய் வாங்கியதும் அவர் கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது.

"ஊரே பசிச்சு நிக்குது, ரோஸ்னா. சின்னப் புள்ளைங்க கூடப் பிடிக்குது. எனக்கு மட்டும் இறங்க மாட்டேங்குது. நான் என்னமோ வீட்டுக்கு வெளிய நிக்கற மாதிரி இருக்கு."

"நீங்க போய்ட்டா நான் எங்க நிப்பேன்?" என்றாள்.

அவளே வண்டியில் உட்காரவைத்துக் கிளினிக்குக்குக் கொண்டுபோனாள். நர்ஸ் விரலில் குத்திப் பார்த்தாள். பாலும் சோறும் இறங்கிய பிறகும் சர்க்கரை அளவு குறைவாகத்தான் இருந்தது. "இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தா" என்று தொடங்கி, ரோஸ்னாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

மறுநாள் ரோஸ்னா டப்பா கட்டவில்லை. மதியம் சாப்பாட்டு மேசையில் தட்டு வைத்தாள், சன்னலைத் திறந்துவிட்டாள். எதிரில் தானும் உட்கார்ந்தாள்.

"சன்னலையாவது சாத்தேன்" என்றார் மொக்தார்.

"என்ன களவா பண்றீங்க? அல்லாஹ் கொடுத்த சலுகை. சாப்பிடுங்க."

தலை குனிந்தபடி பிசைந்து கொண்டிருந்தபோது அடுத்த வீட்டு ஜுரைதா தேங்காய்த் துருவி கேட்டு நேராக உள்ளே வந்துவிட்டாள். மொக்தாரின் கை பாதி வழியில் நின்றது. ஜுரைதா அவரையும் தட்டையும் பார்த்தாள். துருவியை மறந்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"எங்க வீட்டு மனுஷன் இதய மாத்திரை தின்னுட்டு, துணி துவைக்கற அறையில கதவைச் சாத்திக்கிட்டு ரொட்டி திங்கறாரு அக்கா. மெஷினைப் போட்டு விட்டுடறாரு, மெல்லுற சத்தம் வெளிய கேக்கக் கூடாதாம்."

மொக்தாருக்குப் புரையேறிவிட்டது. இருமிக்கொண்டே சிரித்தார். "சப்ரியா? ஈரத் துணிக்கு நடுவுலயா? அவனை இங்க வரச் சொல்லு."

சப்ரி மறுநாள் ரொட்டிப் பொட்டலத்தோடு பின்வாசல் வழியாக வந்தார். அதற்கடுத்து, சிறுநீரகத்தில் கல் கட்டித் தண்ணீர் குடித்தே தீர வேண்டிய பழைய படகோட்டி லத்தீப் வந்தார். பிறகு நிறைமாதக்காரி இந்தான் ஒரு கிண்ணக் கஞ்சியோடு வந்து, "எனக்கும் இடம் இருக்கா மாமா?" என்று கேட்டாள். எல்லோரும் ஒரே சமயத்தில் எழுந்து நாற்காலி கொடுத்தார்கள். பள்ளிவாசலுக்குப் போகிற வழியில் இமாம் சன்னலோரம் வண்டியை நிறுத்தி ஸலாம் சொன்னார். "இவ்வளவு பேர் இருக்கீங்க, சும்மா தின்னுட்டா போறீங்க? பள்ளிக்கு வாழைப்பழப் பாயசம் காய்ச்ச ஆளில்லாம திண்டாடறோம்" என்றார்.

அன்றிலிருந்து மொக்தாரின் கொல்லையில் பெரிய பானை ஏறியது. சப்ரி தேங்காய் துருவ, லத்தீப் பழம் நறுக்க, இந்தான் நாற்காலியில் சாய்ந்தபடி, "சீனி போதும், இன்னும் கொஞ்சம்" என்று ருசி பார்த்துச் சொல்ல, மொக்தார் துடுப்பு மாதிரி ஒரு கரண்டியால் கிண்டினார். ஊரில் மற்றவர்கள் உப்பும் இனிப்பும் குத்துமதிப்பாகப் போட்டுக்கொண்டிருந்தபோது, பள்ளிப் பாயசம் மட்டும் அந்த வருடம் பிசகாமல் இருந்ததாகப் பேச்சு.

கிளினிக்கில் மொக்தாரின் சர்க்கரை ஓர் ஒழுங்குக்கு வந்தது. எப்போதும் கொஞ்சம் அதிகமாகவே இருக்கும் ரோஸ்னாவின் ரத்த அழுத்தம், ஒவ்வொரு நோன்பிலும் போல, இந்த முறையும் இறங்கியிருந்தது. "உங்களுக்கு ஒத்துக்குது, அவருக்கு ஒத்துக்கல. உடம்புக்கு உடம்பு வேற" என்றாள் நர்ஸ்.

நோன்பின் கடைசி வாரத்தில் ஒரு மாலை. மொக்தார் பானையைப் பள்ளியில் இறக்கிவிட்டு நேரே வீட்டுக்கு வந்தார். மதியம் சாப்பிட்டவர்தான். ஆனாலும் கை கால் கழுவி, அவளுக்கு எதிரில் தண்ணீரைக்கூடத் தொடாமல் உட்கார்ந்தார். காயல் மேல் வெளிச்சம் சிவந்து அணைந்துகொண்டிருந்தது. பாங்கு சொன்னதும் பேரீச்சம்பழத்தின் கொட்டையை எடுத்துவிட்டு அவள் பக்கம் நீட்டினார்.

"ரொம்பப் பசிச்சுதா?"

"பின்ன, பசிக்காமலா?" என்று வாங்கி வாயில் போட்டுக்கொண்டாள் ரோஸ்னா.

அவர் அடுத்த பழத்துக்குக் கொட்டை எடுக்கத் தொடங்கினார்.